என் தம்பிக்கு ஓட்டுப் போடாதீங்க

மலாக்காவில் செங் தொழிற்பேட்டையில் ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களிடம் இந்திராதேவி விற்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சம்பல் நல்ல காரம் என்பார்கள், நெத்திலி தாராளம் என்பார்கள், பொட்டலத்தோடு ஒரு திட்டும் சேர்த்துக் கொடுப்பாள் என்பார்கள். மூன்றும் உண்மை. தெங்கேராவில் அவள் வீட்டிலிருந்து அந்த இருநூற்று நாற்பது பொட்டலங்களையும் தினமும் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். இருபது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்ந்தவன், அவளுக்குப் பக்கத்து வீடு. நடந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டியது இந்தக் கைதான்.

என்ன ஸ்டிக்கர் என்பதற்கு முன்னால் அவள் தம்பி ஹரிதாஸைச் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடமாகத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடரில் 'பூங்கொடி மாஸ்டர்' என்ற தையற்காரராக நடித்தவன். இடுப்பை ஒடித்து நடப்பது, வளையல் போட்ட கையை ஆட்டுவது, "அய்யய்யே, தொடாதீங்க சார்!" என்று அலறுவது, அவ்வளவுதான் வேஷம். மாதத்தில் பத்து நாள் கோலாலம்பூரில் படப்பிடிப்பு. மற்ற நாட்களில் அக்கா வீட்டுப் பின்கட்டில் வெங்காயம் உரிப்பான், சம்பல் கிண்டுவான். பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனால் போதும், சின்னப் பிள்ளைகள் "தொடாதீங்க சார்" என்று கத்திக்கொண்டே பின்னால் வருவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்குவான். நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம், நானும் அவன் அக்காவும். ஹரிதாஸ் ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் யுவனேஸ்வரன் இருப்பான்.

யுவனேஸ்வரன் செங்கில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். ஏழு வருடமாக ஹரிதாஸின் 'பிரெண்டு'. அந்த வீட்டு மாடியறையில் இருவரும் குடியிருக்கிறார்கள். 'பிரெண்டு' என்று சொல்லும்போது தெரு தன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும். இந்திராதேவி புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது. யுவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பாள், மீன் வாங்கினால் அவனுக்குப் பிடித்த வால்துண்டை எடுத்து வைப்பாள். ஆனால் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

போன வருடம் மலர்விழி என்று ஒரு இளம் டைரக்டர், ஹரிதாஸை வைத்து 'மீன் லாரி' என்று ஒரு டெலிமூவி எடுத்தாள். கோலா சுங்கை பாரு கரையில் மீன் ஏற்றும் லாரி டிரைவர் அவன். ஒரு படகுக்காரனோடு ஒரே வீட்டில் இருக்கிறான். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவன் கஞ்சி வைக்கிறான். சண்டை போடுகிறார்கள், பேசாமல் இருக்கிறார்கள், காய்ந்த சட்டையை எடுத்து மடிக்கிறார்கள். அவர்கள் யார் என்று படத்தில் ஒருவரும் பெயர் வைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெளியே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. ஹரிதாஸ் அதில் இடுப்பை ஒடிக்கவில்லை, ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மனுஷனாக நடந்தான். முதல் பத்து நிமிடம் நான் எப்போது சிரிப்பு வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் படத்துக்காக ஹரிதாஸின் பெயர் தொலைக்காட்சி விருதுப் பட்டியலில் வந்திருக்கிறது, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அக்டோபரில் செய்தி வந்தது. ஹரிதாஸ் அப்போது ஈப்போவில் படப்பிடிப்பில் இருந்தான். இந்திராதேவிக்கு 'தம்பி பெயர்', 'ஓட்டு' என்ற இரண்டு சொல்தான் காதில் விழுந்தது. மீதியைக் கேட்க அவளுக்குப் பொறுமை ஏது? அன்றைக்கே அச்சுக்கடைக்குப் போய், போனைக் காட்டினால் ஓட்டுப் பக்கம் திறக்கிற கியூஆர் படத்தை ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கராக அடித்து வாங்கி வந்துவிட்டாள். வாழையிலையும் தாளும் சுற்றிய பொட்டலம் ஒவ்வொன்றின் நெற்றியிலும் நான் ஒட்டினேன். வாங்குகிறவர்கள் அவள் கண் முன்னாலேயே போனை நீட்டி ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் கேட்டுக்குள் போக வேண்டும். போடாதவனுக்கு முட்டை கிடையாது. இரண்டு வாரத்தில் ஹரிதாஸ் முதலிடத்தில் நின்றான்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவன் ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்கட்டில் யுவன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான், நான் மறுநாளுக்கு ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்தேன். ஹரிதாஸ் ஈரத்தலையோடு வந்து நின்று ஒரு தாளை எடுத்துப் பார்த்தான்.

"யக்கா, இது என்னா?"

"உனக்குத்தான்டா! ரெண்டு வாரமா செங்கையே ஓட்டுப் போட வச்சிருக்கேன். நீதான் முதல்ல நிக்கறே, தெரியுமா?"

"எதுல முதல்ல?"

"எதுலயா இருந்தா என்னா? விருது விருதுதானே லா."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மீன் லாரியக் கொண்டுபோய்ச் சிறந்த காமெடி நடிகர் லிஸ்ட்டுல போட்டிருக்காங்கக்கா."

சம்பல் கரண்டி அப்படியே நின்றது. "காமெடியா? அதுல எங்கடா காமெடி? அவன் காய்ச்சல்ல கெடக்கறப்ப நீ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னியே, நான் மூக்கச் சிந்தி சிந்தி அழுதேனே!"

"அதத்தான் நானும் போன் போட்டுக் கேட்டேன். அந்த விருது ஆபீஸ் பொண்ணு சொல்லுது, 'அண்ணே, இந்த மாதிரி கேரக்டருன்னா எப்பவுமே காமெடிலதான் போடுவோம்'னு. அது கெட்ட மனசுல சொல்லல. வேற எடம் இருக்குன்னே அதுக்குத் தோணல."

"பேர எடுக்கச் சொல்லு!"

"ஓட்டு ஆரம்பிச்சிட்டா எடுக்க முடியாதாம். ஜெயிச்சா பூங்கொடி மாஸ்டர் மாதிரி நடந்து வந்துதான் மேடையில வாங்கணுமாம். மியூசிக் ரெடி. சேலை கூட எடுத்து வச்சிட்டாங்களாம்."

"அப்ப நீ போகாதே."

"எப்படிக்கா போகாம இருக்கறது? நல்ல டெலிமூவி லிஸ்ட்டுலயும் படத்துக்குப் பேரு இருக்கு. மலர்விழி அவ்வளவு பாடுபட்டுச்சு. அந்தப் பொண்ணத் தனியா உக்கார வைக்கவா?"

ஹரிதாஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கோபமில்லாமல்தான் சொன்னான்.

"பன்னெண்டு வருஷம் சிரிச்சாங்க. சம்பளம் வாங்கினேன், அது வேற. இந்த ஒரு தடவதான்கா நான் நானா நின்னேன். அதையும் சிரிப்புன்னு சொல்லி கையில குடுத்தா, நான் அத எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"ஏன்டா, நீ புடிச்சுத்தானே அந்த மாஸ்டர் வேஷம் போட்டே?"

"நீ சிரிச்சியேக்கா. அதனால புடிச்சுது."

இந்திராதேவி அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒட்டியவன் நான், அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தவனும் நான். யுவன் துருவுவதை நிறுத்தவில்லை, தேங்காய் தீர்ந்து வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தான்.

அவள் ரொம்ப நேரம் அழுகிறவள் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போட்ட ஓட்ட மாத்த முடியுமா?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம்."

"அப்ப நான் போட வச்ச ஓட்ட நானே திருப்பி எடுக்கறேன்."

"என்னான்னு சொல்லி எடுப்பே?"

"உள்ளதச் சொல்லி எடுப்பேன். பொய் சொன்னா நாலு நாளுக்குள்ள அத்தனை பேரும் மாத்துவானுங்களா?" என்றவள், குரலை இறக்கினாள். "சொல்லட்டுமாடா?"

ஹரிதாஸ் அவளையே பார்த்தான். "என்னைப் பத்திச் சொல்லிக்கோ. ஊருக்குத் தெரியாததா? ஆனா யாராவது ஒருத்தர் நேரா வாயால சொல்லி நான் கேட்டதில்லக்கா."

யுவன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "என் பேரு மட்டும் வேணாம்கா. நம்ம கெடங்குல ஆளுங்க எப்படின்னு தெரியும்ல. சூப்பர்வைசருக்குப் போச்சுன்னா..."

"உன் பேரு என் வாயில வராது. செத்தாலும் வராது," என்றாள் இந்திராதேவி.

மறுநாள் காலை செங் கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தினேன். மழை விட்டு, தாரில் தண்ணீர் நின்றது. வழக்கம்போல வரிசையில் முதலில் ராஜம்மா. ஐம்பத்தெட்டு வயது, துப்புரவுப் பிரிவு சூப்பர்வைசர், அவள் வாங்கினால்தான் மற்றவர்கள் வாங்குவார்கள்.

"ராஜம்மாக்கா, ஹேன்போன எடுங்க. ஓட்ட மாத்துங்க."

"எத மாத்த?"

"என் தம்பிக்குப் போட்டீங்கல்ல, அத எடுத்திட்டு வேற யாருக்காவது போடுங்க. லிஸ்ட்டுல இன்னும் மூணு பேரு இருக்கான்."

"என்னா தேவி, காலையிலேயே பேயி கீயி அடிச்சிருச்சா? போடலன்னா முட்டை இல்லன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். புத்தியில்லாம சொன்னேன். என் தம்பி அந்த லாரிக்காரனா நடிச்சது காமெடி இல்ல. ஆம்பளையும் ஆம்பளையும் குடும்பமா இருக்கற கதை அது. என் தம்பியும் அப்படித்தான். பொறந்ததுலருந்தே அப்படித்தான். அதுல சிரிக்க ஒண்ணுமில்ல. நான் பன்னெண்டு வருஷம் சிரிச்சேன், இப்ப வயிறு எரியுது. அவன் ஜெயிச்சா சேலை கட்டி ஆட விடுவாங்க. அதனால என் தம்பிக்கு ஓட்டுப் போடாதீங்க!"

கடைசி வார்த்தைகளைக் கத்தியே சொன்னாள். வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். நான் வேனுக்குள் பொட்டலங்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். தைரியசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

வரிசையின் நடுவில் ஒருவன், "அட, பொண்டான் கதையா?" என்று சிரித்தான். ஆம்பளையைக் கேவலப்படுத்த இங்கே எல்லாரும் எடுக்கிற வார்த்தை அது. இந்திராதேவி நேராக அவனிடம் போனாள். அவன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கினாள்.

"உனக்கு இனிமே என் கையால சோறு இல்ல. ரொட்டி வாங்கித் தின்னு, போ."

"என்னா ஆன்ட்டி, சும்மா வெளாட்டுக்கு லா..."

"நானும் வெளாட்டுக்குத்தான் புடுங்கினேன். போடா!"

ராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பொட்டலத்தோடு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முப்பது பொட்டலம் மிஞ்சியது, புதன்கிழமை எழுபது. வரிசையில் சிலர் கண்ணைப் பார்க்காமல் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க ரொட்டிக்கடைக்குப் போனார்கள். திரும்பி வரும் வழியில் இந்திராதேவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் வேனில் ஏதோ ரிப்பேர் மாதிரி இருக்கும் எனக்கு.

"தம்பிக்காகச் சோத்துல மண்ணப் போட்டுக்கிட்டியே" என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லவா? இந்த ரெண்டு நாளா அவன அப்படின்னு வாயால சொல்லிச் சொல்லி, எனக்கு மூச்சு நல்லா வருது."

மிஞ்சின எழுபது பொட்டலத்தையும் தெங்கேராவில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பசியாறக் கொடுத்தோம். கொடுத்த இடத்திலும் ஓட்டை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். சில கதவு பாதிதான் திறந்தது. அவள் பாதிக் கதவு வழியாகவே முழுக் கதையும் சொன்னாள்.

வியாழக்கிழமை நல்ல மழை. பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டில் நின்றாள். ஏழு மணி ஷிப்டு மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது ராஜம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் நீல யூனிபாரத்தில் முப்பது பெண்கள். எல்லார் கையிலும் போன்.

"வரிசையா காட்டுங்கடி," என்று அதட்டினாள் ராஜம்மா. "மாத்தாதவளுக்கு மத்தியானம் கக்கூஸ் டியூட்டி."

இந்திராதேவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "என்னாக்கா, ரெண்டு நாளா மூஞ்சிய திருப்பிக்கிட்டு போனீங்க?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டவொடன அந்தப் படத்த மறுபடி போட்டுப் பாத்தேன். அந்தப் படகுக்காரன் வீட்டுக்கு வரலன்னு உன் தம்பி படகுத்துறையில நின்னு கடலையே பாக்கறானே. எங்க ஊட்டுக்காரரு லாரி எடுத்துட்டுப் போயி ரெண்டு நாளு வராம இருந்தப்ப நான் அப்படித்தான் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். அதப் போயி காமெடின்னு எழுதியிருக்கானுங்களே, அறிவு கெட்டவனுங்க. ஒரு பொட்டலம் குடு. முட்டை ரெண்டு வை."

அன்றைக்கு மிஞ்சியது ஒன்பது. வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. ஐந்து மணிக்கு ஓட்டு மூடியபோது ஹரிதாஸ் எங்கே நின்றான் என்று யாருக்கும் தெரியாது, கடைசி நாள் கணக்கை அவர்கள் மறைத்துவிட்டார்கள். நாட்டில் வேறு ஊர்களில் எத்தனை பேர் பூங்கொடி மாஸ்டருக்குப் போட்டார்களோ! "நாம எடுத்தது பத்தாதுண்ணே," என்று அவள் அன்றைக்குச் சாயங்காலம் பூராவும் புலம்பினாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு விழா, நேரடி ஒளிபரப்பு. ஹரிதாஸ் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டையில் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தான். இந்திராதேவி வீட்டுக் கூடத்தில் செங் கேட்டுக்காரர்கள் இருபத்தைந்து பேர் வந்து நிறைந்துவிட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் ராஜம்மா. மற்றவர்கள் பாய்களில். அவித்த கச்சான் கடலையும் மரவள்ளிக்கிழங்கும் தட்டுத்தட்டாகப் போய்க்கொண்டிருந்தன. யுவன் பின்னால் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வந்திருந்தவர்களில் ஆறு பேர் அவன் வேலை செய்யும் அதே கிடங்கு. அவர்களுக்கு அவன் ஹரிதாஸின் மாடியறைப் பிரெண்டு, அவ்வளவுதான்.

நல்ல டெலிமூவி விருது வேறு படத்துக்குப் போனது. திரையில் மலர்விழியின் முகம் சுருங்கியது, ஹரிதாஸ் அவள் தோளில் தட்டினான். கூடத்தில் எல்லாரும் 'ச்சு' கொட்டினோம். அடுத்து காமெடி. நான்கு முகங்கள் நான்கு கட்டத்தில். இந்திராதேவி என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்கிவிடும்போல இருந்தது.

அறிவிப்பாளன் உறையைக் கிழித்தான். வேறு ஒரு பெயரைப் படித்தான்.

"ஜெயிச்சிட்டோம்!" என்று ராஜம்மா நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கினாள். கூடமே எழுந்து கத்தியது. கச்சான் தட்டு கவிழ்ந்தது. சொந்தத் தம்பி தோற்றதற்கு இப்படிக் கூத்தாடிய வீடு இந்த மலேசியாவிலேயே வேறு இருக்காது. திரையில் ஹரிதாஸும் எழுந்து நின்று எல்லாருக்கும் முன்னால் கைதட்டினான்.

ஆனால் சேலையும் மியூசிக்கும் தயார் செய்து வைத்தவர்கள் சும்மா விடுவார்களா? விருதைக் கொடுத்து முடித்ததும் அந்த அறிவிப்பாளன் இடுப்பை ஒடித்துக்கொண்டே படியிறங்கி ஹரிதாஸிடம் வந்தான். தோளில் ஒரு சிவப்புச் சேலை.

"அய்யய்யே, பூங்கொடி மாஸ்டர் சோகமா இருக்காங்க! மாஸ்டர், எங்களுக்காக ஒரே ஒரு தடவ அந்த நடை!" மைக்கை நீட்டினான். அரங்கம் சிரித்தது. மியூசிக் ஆரம்பித்தது.

எங்கள் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. இந்திராதேவி, "வேணாம்டா, வேணாம்டா," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஹரிதாஸ் மைக்கை வாங்கிக்கொண்டான். சேலையை வாங்கவில்லை. நடைபாதையில் இறங்கி மேடையை நோக்கி நடந்தான். காலை நேராக வைத்து, கையைச் சும்மா தொங்கவிட்டு, காலையில் வேனுக்குச் சம்பல் சட்டி தூக்கி வருவானே, அதே நடை. மியூசிக் டண்டணக்கா என்று அடித்துக்கொண்டிருந்தது, அவன் அதற்குக் கட்டுப்படவே இல்லை. பாதி வழியில் சிரிப்பு நின்றது. மேடை ஏறித் திரும்பினபோது மியூசிக்கும் நின்றுவிட்டது.

"இதான் தம்பி என் நடை," என்றான். "பன்னெண்டு வருஷமா நீங்க பாத்தது சம்பளத்துக்கு நடந்தது. மீன் லாரியில இப்படித்தான் நடந்தேன். அத நீங்க காமெடின்னு போட்டீங்க. எங்க மலாக்கா ஜனங்க அது காமெடி இல்லன்னு எனக்குப் போட்ட ஓட்டத் திருப்பி எடுத்தாங்க. இந்த மேடையில எனக்குக் கெடைச்ச பெரிய விருது அதுதான்."

யாரோ ஒருவர் கைதட்டினார். மலர்விழியாகத்தான் இருக்க வேண்டும். பிறகு பலபேர்.

"எங்கக்கா பாத்துக்கிட்டு இருக்கும். அப்பறம் வீட்ல எனக்காக ஏழு வருஷமா..."

திரையில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது.

"மழையா?" என்று யாரோ கேட்டார்கள். மழை பெய்தால் கூரை மேலிருக்கும் டிஷ்ஷில் படம் வராது, இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வாசலில் நின்றவன் வானத்தை எட்டிப் பார்த்தான். துடைத்து வைத்ததுபோல இருந்தது. "மழையும் இல்ல, கிழையும் இல்ல. வெட்டிட்டானுங்க!" என்று ராஜம்மா திட்டினாள்.

"ஏழு வருஷமான்னாரே, யாரச் சொல்ல வந்தாரு?" கேட்டது தேவிஸ்ரீ, யுவனின் கிடங்கிலேயே ஸ்டோரில் வேலை செய்கிற பெண். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இருபத்தைந்து பேரும் இந்திராதேவியைப் பார்த்தார்கள். நான்கு நாளாக ஊர் முழுக்க ஒலிபெருக்கி வைத்தவள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாய் திறக்கவில்லை.

யுவனேஸ்வரன் தேத்தண்ணீர்த் தட்டைத் தரையில் வைத்தான். கையை லுங்கியில் துடைத்தான்.

"என்னைத்தான்," என்றான்.

கிடங்குக்காரர்கள் ஆறு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "என்னைத்தான் சொல்ல வந்தாரு."

ராஜம்மா எழுந்தாள். முட்டி வலிக்காரி, எழுந்திருக்க நேரமாகும். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கையால் தூசி தட்டிவிட்டாள்.

"அப்ப பின்னாடி நின்னு டீ ஊத்திக்கிட்டு இருக்கே! உங்க ஊட்டு ஆளு மேடையில நிக்குது, நீ முன்னால வந்து உக்காரு லா. நான் ஊத்தறேன்."